பன்னிரண்டு பேரைத் தாண்டாத அணி: நெதர்லாந்தின் பூர்ட்சோர்க் வளர்ந்த விதம்

நெதர்லாந்தின் கிழக்குப் பகுதியில் அல்மெலோ நகரத்தைத் தலைமையகமாகக் கொண்டது பூர்ட்சோர்க். முதியவர்களுக்கும் நீண்டநாள் நோயாளிகளுக்கும் வீட்டுக்கே போய்ச் செவிலியர் சேவை தரும் லாப நோக்கற்ற அமைப்பு. யோஸ் டி பிளோக் என்ற பகுதிச் செவிலியர் 2006-இல் சில சகாக்களோடு இதைத் தொடங்கியபோது இருந்தது நான்கு செவிலியர் கொண்ட ஒரே அணி. பத்து ஆண்டுகளில் எண்ணூறுக்கும் மேற்பட்ட அணிகள், ஏறத்தாழ பத்தாயிரம் பணியாளர்கள். தலைமை அலுவலகத்தில் மட்டும் ஐம்பது பேர் அளவே. அவர்களைத் தவிர அணிகளுக்குத் துணை நிற்கும் கோச்சுகள் இருபது பேருக்கும் குறைவு.

இந்த வளர்ச்சியைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ‘மேலாளரே இல்லாத நிறுவனம்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மேலாளரை நீக்குவது யாராலும் ஒரே நாளில் செய்ய முடிகிற காரியம். மேலாளர் பார்த்துவந்த ஒவ்வொரு வேலையும் அதன்பின் யார் கைக்குப் போகிறது, அதற்கு எத்தனை மணிநேரம் ஆகிறது, அந்த மணிநேரத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற மூன்று கேள்விக்கும் விடை இருந்ததால்தான் பூர்ட்சோர்க் வளர்ந்தது. இந்த ஆய்வு அந்த விடைகளைப் பற்றியது.

முன்பு இருந்த நிலை

வீடு தேடி வரும் செவிலியர் நெதர்லாந்துக்குப் புதிதல்ல. வட ஹாலந்தில் 1875-இல் தொடங்கிய வெள்ளைச் சிலுவைச் சங்கத்தின் வழியில் நாடெங்கும் சிலுவைச் சங்கங்கள் முளைத்தன. குடும்பங்கள் சந்தா கட்டின, சங்கம் அந்தப் பகுதிக்கென்று ஒரு செவிலியரை வைத்துக்கொண்டது. கத்தோலிக்கருக்கு ஒன்று, புராட்டஸ்டண்டுகளுக்கு ஒன்று, மதம் சாராதவர்களுக்கு ஒன்று எனப் பிரிவுகள் இருந்தாலும் முறை ஒன்றேதான்: ஒரு பகுதி, தெரிந்த ஒரு முகம்.

1990-களில் இவை வீட்டுவேலை உதவி நிறுவனங்களோடு இணைக்கப்பட்டுப் பெரிய வட்டார நிறுவனங்களாயின. செலவைக் கட்டுப்படுத்தப் பராமரிப்பு தனித்தனிச் சரக்குகளாக உடைக்கப்பட்டது. குளிப்பாட்டுவது ஒன்று, காயத்துக்குக் கட்டுப் போடுவது ஒன்று, ஊசி ஒன்று, கால் வீக்கத்தைக் குறைக்கும் அழுத்தக் காலுறை மாட்டுவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நிமிடக்கணக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எந்த வேலையை எவ்வளவு குறைந்த தகுதியுள்ளவர் செய்ய முடியுமோ அவருக்கே அது ஒதுக்கப்பட்டது. யாருக்கு எத்தனை மணிநேரம் தேவை என்பதை முடிவு செய்ய 2005 முதல் தனி மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றும் இயங்கியது. நோயாளியின் வீட்டுக்குள் தினமும் போகிறவருக்கு அந்த முடிவில் சொல்ல அதிகம் இல்லை.

காகிதத்தில் இது சிக்கனம். நடப்பில் என்ன ஆனது என்று பார்க்க இதயச் செயலிழப்பும் சர்க்கரை நோயும் சேர்ந்த ஒரு முதியவரை எடுத்துக்கொள்ளலாம். காலையில் காலுறை மாட்ட ஒருவர் வருகிறார். கால் வீக்கம் நேற்றைவிடக் கூடியிருப்பது அவர் கண்ணில் படுகிறது, ஆனால் அதன் பொருள் அவருக்குத் தெரியாது. பொருள் தெரிந்த செவிலியர் பிறகு வந்து வயிற்றில் இன்சுலின் போட்டுவிட்டுப் போகிறார், காலைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, அது அவர் ‘சரக்கும்’ இல்லை. நான்கு நாளில் உடலில் நீர் கோத்து, மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வருகிறது. நிமிடத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் மருத்துவமனைப் படுக்கையில் போய்விடுகிறது. மிச்சம் ஒருவர் கணக்கிலும் செலவு இன்னொருவர் கணக்கிலும் இருந்ததால் அது நீண்டநாள் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

டி பிளோக் இந்த நிறுவனங்களில் செவிலியராகவும் பிறகு நிர்வாகத்திலும் இருந்தவர். அதற்கு முன்பு பொருளாதாரம் படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டவர். பின்னால் வரும் கணக்கைப் பார்க்கும்போது அந்தப் பாதிப் படிப்பும் வீண்போகவில்லை என்று தோன்றும்.

அணி என்ற அலகு

ஓர் அணியில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர். ஐந்தாயிரம் முதல் பத்தாயிரம் பேர் வாழும் ஒரு பகுதி அவர்கள் பொறுப்பு. எந்த நேரத்திலும் நாற்பது முதல் அறுபது பயனாளர்கள் பட்டியலில் இருப்பார்கள். குளிப்பாட்டல் முதல் காயப் பராமரிப்பு, ஊசி, இறுதிக்காலப் பராமரிப்பு வரை எல்லாம் இந்த ஒரே அணிதான். அணியில் பெரும்பான்மை தகுதி பெற்ற செவிலியர்கள். குளிப்பாட்ட எதற்கு நர்ஸ் என்று கேட்கலாம். தோலில் புண் தொடங்குவது, மூச்சு வாங்குவது, நேற்று சொன்னதை இன்று மறந்திருப்பது, மாத்திரை அட்டையில் மூன்று நாள் மாத்திரை அப்படியே இருப்பது எல்லாம் குளிப்பாட்டும் அந்த அரைமணி நேரத்தில்தான் தெரியவரும். தனியாக ஒரு ‘பரிசோதனை வருகை’ போட்டால் அதில் பாதி தெரியாது.

அணி தானே முடிவு செய்பவை: யாரைப் பணியில் சேர்ப்பது, பணிப்பட்டியல், விடுப்பு, எந்தப் பயனாளரை ஏற்பது, அலுவலக அறை எங்கே, எந்த டாக்டரோடு எப்படித் தொடர்பு. அணி தொட முடியாதவையும் உண்டு, இதைத்தான் பலர் சொல்லாமல் விடுகிறார்கள். சம்பளம் துறைக்கான கூட்டு ஒப்பந்தப்படி, படிப்புத் தகுதியைப் பொறுத்தே அமையும். பன்னிரண்டு என்ற வரம்பு மாறாது. பதிவு எழுதும் முறை எல்லோருக்கும் ஒன்றே. சம்பளம் பெறும் நேரத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம் பயனாளரோடு செலவாக வேண்டும் என்ற இலக்கும் எல்லோருக்கும் பொது. வேலி இவ்வளவு தெளிவாக இருப்பதால்தான் வேலிக்குள் சுதந்திரம் கொடுக்க முடிந்தது.

மேலாளரின் வேலைகள் ஆறு பொறுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. எல்லோரும் ஏற்கும் செவிலியர் பணி முதலாவது. அலுவலகத்தையும் பணத்தையும் பார்ப்பவர், பயனாளரோடு செலவான நேரத்தைக் கண்காணிப்பவர், பணிப்பட்டியல் போடுபவர், பயிற்சியையும் புதிய அறிவையும் கொண்டுவருபவர், புதியவருக்குத் துணை நிற்பவர் என்று மற்ற ஐந்தும் சுழற்சியில் கைமாறும். பொறுப்பு வந்ததால் யாரும் நோயாளி வீட்டுக்குப் போவதிலிருந்து விலக்குப் பெறுவதில்லை. கோச்சு ஒருவர் நாற்பது, ஐம்பது அணிகளைப் பார்க்கிறார். வேண்டுமென்றேதான் இவ்வளவு அதிகம்: பத்து அணி மட்டும் கையில் இருந்தால் கோச்சு மெல்ல மேலாளராகிவிடுவார். அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது.

புதிய பயனாளர் வந்தால் முதல் வருகையில் வேலை எதுவும் தொடங்குவதில்லை. காபி குடித்துப் பேசுகிறார்கள். நான்கு வட்டங்களாக யோசிப்பது வழக்கம்: உள்வட்டத்தில் அவரே செய்துகொள்ளக்கூடியவை, அடுத்து குடும்பமும் அண்டை வீட்டாரும், மூன்றாவது அணி, நான்காவது டாக்டர், பிசியோதெரபிஸ்ட் போன்றவர்கள். ஒவ்வொரு வேலையையும் உள்வட்டத்தை நோக்கித் தள்ள முடியுமா என்று பார்க்கிறார்கள். கண் சொட்டு மருந்து விட தினமும் இரண்டு வருகை அனுமதியாகியிருந்தால், புட்டியைக் கண்மேல் நிலையாகப் பிடிக்கும் ஒரு சிறு சாதனத்தைக் கொடுத்து ஒரு வாரம் பழக்குகிறார்கள். அதன்பின் அந்த வருகையே வேண்டாம். அழுத்தக் காலுறைக்கும் வழுக்குத் துணி போன்ற உதவிக்கருவிகள் உண்டு, கையில் வலுவும் இடுப்பில் வளைவும் இருந்தால் பலர் தாமே மாட்டப் பழகலாம். பழக முடியாதவரைக் கட்டாயப்படுத்தினால் காலுறை சுருண்டு முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் புண்ணாக்கும். இந்தத் தரம்பிரிப்பு தகுதியுள்ள கண் இல்லாமல் நடக்காது.

கணக்கு

பயனாளரோடு செலவான ஒரு மணிநேரத்துக்குக் கிடைக்கும் வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். செவிலியருக்குச் சம்பளமும் அதன் சுமைகளும் சேர்த்து ஒரு மணிக்கு 53 ஆகட்டும். இது விளக்கத்துக்கான எடுத்துக்காட்டு எண். பயணம், கூட்டம், பதிவு எழுதுதல், விடுப்பு, பயிற்சி எல்லாம் போக அறுபது சதவீத நேரமே பயனாளரோடு என்றால், வருமானம் தரும் ஒரு மணிக்கு உண்மையில் 53-ஐ 0.60-ஆல் வகுத்த 88 செலவாகிறது. மீதி 12. நிர்வாகச் செலவு 8 என்றால் உபரி 4.

இப்போது நிர்வாகச் செலவை 25 ஆக்கிப் பார்க்கலாம். பூர்ட்சோர்க்கின் நிர்வாகச் செலவு எட்டு சதவீதம் என்றும் துறையில் மற்றவர்களுக்கு இருபத்தைந்து சதவீதம் என்றும் பல அறிக்கைகள் சொல்லும் ஒப்பீடு இது. சம்பளத்துக்கு மிஞ்சுவது 75 மட்டுமே. நஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே பயனாளரோடு செலவாகும் நேரம் 71 சதவீதமாக வேண்டும். அந்தப் பதினொரு புள்ளியை எங்கிருந்து பிழிவது? பேச்சைக் குறைக்க வேண்டும், கூட்டத்தை நிறுத்த வேண்டும், குறைந்த சம்பளக்காரரை அனுப்ப வேண்டும், இதையெல்லாம் கண்காணிக்க இன்னும் சில மேலாளர்களை வைக்க வேண்டும். நிமிடக்கணக்குப் பார்க்கும் முறை கல்நெஞ்சால் வந்ததல்ல, இந்த வகுத்தல் கணக்கால் வந்தது.

மறுபுறமும் பார்க்க வேண்டும். நிர்வாகச் செலவு 8 ஆக இருந்தாலும் பயனாளர் நேரம் 55 சதவீதத்துக்கு இறங்கினால் சம்பளச் செலவு 96, மொத்தம் 104. நஷ்டம். இழப்பில்லாமல் நிற்கும் எல்லை 57.6 சதவீதம். அறுபதுக்கும் இந்த எல்லைக்கும் இடையே 2.4 புள்ளிதான் இடைவெளி. முப்பத்தாறு மணிநேர வாரத்தில் அது ஐம்பத்திரண்டு நிமிடம். வாரந்தோறும் நீளும் ஒரே ஒரு கூட்டம் உபரி முழுவதையும் தின்றுவிடும். மென்பொருளில் ஒவ்வோர் அணியும் தன் சதவீதத்தையும் மற்ற அணிகளின் நிலையையும் பார்க்க முடிகிறது, இலக்குக்குக் கீழே போனால் கேள்வி கேட்க யாரும் மேலிருந்து இறங்கி வர வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பன்னிரண்டு பேரும் வாரம் சராசரி 24 மணிநேரம் வேலை செய்தால் மொத்தம் 288 மணி. பகுதிநேர வேலை நெதர்லாந்தில் மிகச் சாதாரணம். அதில் அறுபது சதவீதம் 173 மணி. ஐம்பது பயனாளருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு வாரம் மூன்றரை மணிநேரம். இறுதிக்காலப் பராமரிப்பில் ஒருவர் வந்தால் அவருக்கே வாரம் இருபது மணிக்கு மேல் போகும். அப்படி மூன்று பேர் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் அந்த வாரம் புதியவர்களை ஏற்க முடியாது. அணிக்கு இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கப் பக்கத்து அணிகளோடு நல்லுறவு வேண்டும்.

புதிய அணி பிறப்பது

தலைமையகம் வரைபடத்தை விரித்து ‘அடுத்து இந்த ஊர்’ என்று முடிவு செய்வதில்லை. ஒரு பகுதியில் ஏற்கெனவே வேலை செய்யும் செவிலியர்கள் மூன்று நான்கு பேர் தாமாகத் தொடர்பு கொள்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: அவர்களுக்கு அந்தப் பகுதி டாக்டர்களைத் தெரியும், மருந்தகத்தைத் தெரியும், குடும்பங்களைத் தெரியும். நெதர்லாந்தில் குடும்ப டாக்டர் வழியாகத்தான் பெரும்பாலான பராமரிப்புத் தொடங்குகிறது, ஆகவே முதல் பயனாளர் எங்கிருந்து வருவார் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடுகிறது. விளம்பரச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

பிறகு நடப்பவை: பகுதியின் எல்லையைத் தெருவாரியாக முடிவு செய்கிறார்கள். வாடகைக்கு ஒரு சிறிய அறை, மேசை, மருந்துப் பெட்டிகள் வைக்கப் பூட்டுள்ள அலமாரி, தொலைபேசி எண். கோச்சு ஒருவர் இணைக்கப்படுகிறார். கூட்டம் நடத்துவதற்கு ஒரு பயிற்சி: தலைவர் இல்லாத குழு, பிரச்சினையில் சுழலாமல் தீர்வை நோக்கிப் பேசுவது, ஒரு முன்மொழிவுக்கு யாருக்கும் அடிப்படை ஆட்சேபம் இல்லையென்றால் அது நிறைவேறியதாகக் கொள்வது. ஒருமனதான ஆதரவு தேவையில்லை. பன்னிரண்டு பேரும் மகிழ்ச்சியாக ஒப்புக்கொள்ளக் காத்திருந்தால் கூட்டம் முடியாது. அதன்பின் ஒவ்வொரு டாக்டரையும் நேரில் பார்க்கிறார்கள், உள்ளூர்ப் பத்திரிகையில் ஓர் அறிமுகம் வருகிறது.

முதல் மாதங்களில் நான்கு பேர் சம்பளத்துக்கு ஐந்தாறு பயனாளர்தான் இருப்பார்கள், நஷ்டம் நிச்சயம். ஓடிக்கொண்டிருக்கும் அணிகளின் உபரி அந்த நஷ்டத்தைத் தாங்குகிறது. ஓர் அணியின் தொடக்கச் செலவு சிறியது என்பதால் ஒரே ஆண்டில் பல அணிகள் தொடங்க முடிந்தது.

எண்ணிக்கை பன்னிரண்டைத் தாண்டினால் பிரிய வேண்டும். செய்யும்போது கடினமான இடம் இதுதான். பத்துப் பேர், மூன்று பேர் என்று பிரிந்தால் சிறிய அணியால் வார இறுதியையும் மாலை வருகைகளையும் நிரப்ப முடியாது. வார இறுதிக்கு இரண்டு பேர் தேவை என்று வைத்தால் ஆறு பேர் அணியில் ஒருவருக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும். மூன்று பேரில் மூன்றில் இரண்டு வார இறுதிகள் வேலை, ஒருவர் காய்ச்சலில் படுத்தால் எல்லா வாரமும். ஆகவே ஆறும் ஏழுமாகப் பிரிவதே நல்லது. ஆட்களை வைத்துப் பிரிக்காமல் தெருக்களை வைத்துப் பிரிக்க வேண்டும். நட்பை வைத்துப் பிரிந்தால் இரண்டு அணிகளும் ஒரே தெருவில் குறுக்கும் நெடுக்கும் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருக்கும், பயண நேரம் ஏறி அறுபது சதவீதம் கைவிட்டுப் போகும். பயனாளருக்கு முகம் மாறுகிறது என்பதால் இரண்டு மூன்று வாரம் பழையவரும் புதியவரும் சேர்ந்து போவது நல்லது, அந்த இரட்டை வருகையின் செலவை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பதிவும் மென்பொருளும்

மேலாளர் இல்லாத இடத்தில் தகவலை ஒருங்கிணைப்பது பதிவேடுதான். பூர்ட்சோர்க் இதற்கு ஒமாஹா முறையை எடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் உள்ள ஒமாஹா நகரின் வீட்டுச் செவிலியர் சங்கம் 1970-களிலிருந்து உருவாக்கிய வகைப்பாடு இது. சூழல், உளவியல்–சமூகம், உடலியங்கியல், நலம் சார்ந்த பழக்கங்கள் என நான்கு களங்களில் 42 பிரச்சினைகள். அவற்றுக்குச் செய்யும் செயல்கள் நான்கு வகை: கற்பித்தலும் ஆலோசனையும், சிகிச்சையும் செய்முறையும், பிறரோடு ஒருங்கிணைத்தல், கண்காணித்தல். ஒவ்வொரு பிரச்சினையிலும் பயனாளரின் அறிவு, நடத்தை, நிலை மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண்.

சர்க்கரை நோயாளி ஒருவரின் பதிவில் ‘மருந்து முறை’ என்ற பிரச்சினைக்கு அறிவு 4, நடத்தை 2, நிலை 3 என்று இருந்தால் புதிதாக வரும் செவிலியருக்கு ஒரு பார்வையில் விஷயம் புரிகிறது: இவருக்குத் தெரியாமல் இல்லை, செய்யாமல் இருக்கிறார். இனியும் விளக்கிக்கொண்டிருப்பதில் பயனில்லை, ஏன் செய்யவில்லை என்று கேட்க வேண்டும். கை நடுக்கமாக இருக்கலாம், இரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயமாக இருக்கலாம். மதிப்பெண்களை ஒப்புக்குப் போடும் அணிகளும் உண்டு. மூன்று மாதமாக எல்லாமே 3 என்று நிற்கும் பதிவைப் பார்த்தால் அங்கே யாரும் யோசித்து எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பதிவு, பணிப்பட்டியல், மணிக்கணக்கு, அணிகளுக்கிடையிலான கேள்வி–பதில் எல்லாம் ஒரே மென்பொருளில் இருக்கின்றன. இதைத் தொடக்க ஆண்டுகளிலேயே செவிலியர்களோடு உட்கார்ந்து உருவாக்கினார்கள். செவிலியர் வீட்டில் பதிந்த மணிநேரமே பில்லுக்கும் சம்பளத்துக்கும் போகிறது, இரண்டாம் முறை யாரும் தட்டச்சு செய்வதில்லை. பத்தாயிரம் பேருக்கு ஐம்பது பேர் அலுவலகம் போதுமானதன் ரகசியம் பெரும்பகுதி இதிலேயே இருக்கிறது. மென்பொருளுக்கு முன்பே அணிகள் பெருகியிருந்தால் அலுவலகம்தான் பெருகியிருக்கும்.

உடையும் இடங்கள்

சுயமாக இயங்கும் அணி தானாக ஓடுவதில்லை. இவ்வகை அணிகளில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிக்கல்கள் சில.

மறைமுகத் தலைவர். நாற்காலி இல்லாவிட்டாலும் குரல் பெரிதாக இருப்பவர் முடிவு செய்யத் தொடங்குகிறார். பெரும்பாலும் பணிப்பட்டியல் போடுபவராகவே இருப்பார், ஏனென்றால் யாருக்கு ஞாயிற்றுக்கிழமை விடுப்பு என்பது அவர் கையில். அந்தப் பொறுப்பு ஆறு மாதத்துக்கு மேல் ஒருவரிடம் நிற்கக் கூடாது. ‘அவருக்குத்தான் நன்றாக வரும்’ என்பதே சுழற்சியை நிறுத்தும் வாக்கியம்.

சொல்லாமல் விட்ட குறை. சேர்ந்து வேலை செய்பவரிடம் முகத்துக்கு நேரே ‘உன் காயக்கட்டு சரியில்லை’ என்று சொல்லப் பலருக்கு வராது. மேலாளர் இருந்தால் அவரிடம் முறையிடலாம், இங்கே அந்த வாசல் இல்லை. குறை பேசப்படாமல் ஊறி, இரண்டு பேர் ஒரே ஷிஃப்டில் வர மறுக்கும் அளவுக்குப் போன பிறகு கோச்சை அழைக்கிறார்கள். நாற்பது அணி பார்க்கும் கோச்சுக்கு அது ஏற்கெனவே தாமதம்.

எல்லோரும் நண்பர்களாகிவிடுவது இன்னொரு வகைச் சிக்கல். ஒரு பயனாளர் தானே இன்சுலின் போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டார், ஆனால் அவர் வீட்டுக்குப் போவது எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, வருகை தொடர்கிறது. நெருக்கமான பராமரிப்பு சார்பை வளர்க்காமல் இருக்க, ‘இவரை எப்போது விடுவிக்கலாம்’ என்பது வாரக் கூட்டத்தில் ஒவ்வொரு பெயருக்கும் கேட்கப்பட வேண்டும்.

தகுதிக் கலவை மாறுவது மெதுவாக வருவது. செவிலியர் கிடைக்காத ஆண்டில் உதவியாளர்களைக் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். ஓர் அளவுக்கு மேல் போனால் சிக்கலான காயங்களும் பம்ப் வழி மருந்துகளும் இரண்டு மூன்று பேர் தலையில் விழுகின்றன. அவர்கள் முதலில் களைத்து விலகுவார்கள். பிறகு அந்த அணி சிக்கலான பயனாளரை ஏற்க முடியாமல் போகிறது, டாக்டர்கள் வேறு இடத்துக்கு அனுப்பத் தொடங்குகிறார்கள். வீழ்ச்சி எண்களில் தெரிவதற்குள் டாக்டரின் நம்பிக்கை போய்விட்டிருக்கும்.

பணம் தருபவர் பக்கம்

குறைந்த மணிநேரத்தில் பராமரிப்பை முடித்தால் மணிக்கணக்கில் பணம் பெறும் நிறுவனத்துக்கு வருமானம் குறைய வேண்டும். பூர்ட்சோர்க் அதை எண்ணிக்கையால் ஈடுகட்டியது. பழையவர் சீக்கிரம் விடுபட்டால் புதியவருக்கு இடம். எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனம் 2009-இல் செய்த ஆய்வு, ஒரு பயனாளருக்கு ஆகும் மணிநேரம் மற்ற நிறுவனங்களைவிட ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைவு என்றது. மணிக்கு ஆகும் செலவு அதிகம், மணிநேரம் குறைவு, பெருக்கினால் மலிவு.

இந்தப் பெருமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு முடிவும் இருக்கிறது. 2015-இல் வெளிவந்த, கேபிஎம்ஜி என்ற தணிக்கை நிறுவனத்தின் ஆய்வு, பயனாளர்களின் நோய்நிலை வேறுபாட்டைக் கழித்த பிறகும் வீட்டுப் பராமரிப்பில் பூர்ட்சோர்க் மலிவானதே என்று உறுதி செய்தது. ஆனால் முதியோர் இல்லம், டாக்டர், மருத்துவமனைச் செலவுகளையும் சேர்த்தபோது மொத்தச் செலவு நாட்டின் சராசரி அளவுக்கே வந்தது. ‘நாட்டின் மருத்துவச் செலவையே குறைத்த அமைப்பு’ என்று மேடைகளில் சொல்லப்படுவதை இந்த ஆய்வு தாங்கவில்லை. தரம், பணியாளர் மனநிறைவு ஆகியவற்றில் அமைப்பு தொடர்ந்து நல்ல மதிப்பெண் பெற்றது வேறு விஷயம், டச்சு நாட்டின் சிறந்த வேலையிடம் என்ற விருதைப் பலமுறை வாங்கியது.

வளர்ச்சிக்கு வந்த நேரடித் தடை ஒப்பந்த உச்சவரம்பு. பணம் தரும் அமைப்பு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைக்கிறது, பெரும்பாலும் கடந்த ஆண்டின் அளவை ஒட்டி. வேகமாக வளரும் நிறுவனம் செப்டம்பரிலேயே உச்சவரம்பைத் தொட்டுவிடும். அதன்பின் டாக்டர் அனுப்பும் ஒவ்வொரு முதியவரும் வருமானம் இல்லாத செலவு. மறுத்தால் டாக்டரோடு உறவு கெடும், ஏற்றால் பணம் வருமா என்று தெரியாது. இதைச் சமாளிக்க அணிவாரியாக மாத முன்கணிப்பு வேண்டும், ஜூன் மாதத்திலேயே பேச்சுவார்த்தைக்குப் போக வேண்டும். நவம்பரில் போனால் இரக்கம்தான் கேட்க முடியும்.

2015 ஜனவரி 1-இல் நீண்டகாலப் பராமரிப்புச் சட்டங்கள் மாறின. 1968 முதல் இருந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் முடிவுக்கு வந்தது. வீட்டுச் செவிலியர் சேவை மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களிடமும், அன்றாட வாழ்க்கைக்கான ஆதரவும் பகல்நேரப் பராமரிப்பும் நகராட்சிகளிடமும் போயின. தேவை மதிப்பீட்டைப் பட்டம் பெற்ற பகுதிச் செவிலியரே செய்யலாம் என்றானது. பூர்ட்சோர்க் சொல்லிவந்த வாதம் சட்டத்தில் ஏறியது உண்மை. ஆனால் அதே மாற்றத்தால் ஒவ்வோர் அணிக்கும் பட்டம் பெற்றவர் கட்டாயத் தேவையானார், மற்ற நிறுவனங்களும் அவர்களைத் தேடத் தொடங்கின.

வெளிநாடுகளில்

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு சிறு அணி தொடங்கப்பட்டது. அங்கே முதியோருக்கான மெடிகேர் திட்டம் வீட்டுச் செவிலியர் சேவைக்குப் பணம் தர, நோயாளி வீட்டைவிட்டு எளிதில் வெளியேற முடியாதவராக இருக்க வேண்டும், அப்போது மருத்துவர் உத்தரவும் வேண்டியிருந்தது. காபி குடித்துக்கொண்டே எது தேவை என்று செவிலியர் முடிவு செய்வதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. தனியார் காப்பீடுகள் ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம், தனி பில் முறை. நான்கைந்து பேர் அணிக்கு அந்த நிர்வாகச் சுமை மட்டுமே மேலே போட்ட எட்டு சதவீதத்தை விழுங்கிவிடும்.

இங்கிலாந்தில் தேசிய மருத்துவச் சேவையின் சில அமைப்புகள் சோதனை அணிகளை அமைத்தன. அணிக்குச் சுயாட்சி என்று அறிவித்துவிட்டு, ஆள் எடுப்பது, ஐபேடு வாங்குவது, விடுப்பு அனுமதி எல்லாம் பழைய அலுவலகங்கள் வழியே போயின. இடைநிலை மேலாளர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். அங்கே குளிப்பாட்டல் உள்ளாட்சியின் சமூகப் பராமரிப்பில் வருகிறது, காயக்கட்டு மருத்துவச் சேவையில் வருகிறது. இரண்டையும் ஒரே செவிலியர் செய்ய, இரண்டு பணப்பைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. அது அணி அளவில் தீர்க்கக்கூடிய காரியமில்லை.

இந்த முறையைத் தொடங்க நினைப்பவர் ஆட்களைத் தேடுவதற்கு முன் பணம் தருபவரோடு எழுதும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டலுக்கும் ஊசிக்கும் ஒரே மணிவிலையா? மணிநேரத்தை அதே வாரத்தில் கூட்டவும் குறைக்கவும் செவிலியருக்கு அனுமதி உண்டா? பன்னிரண்டு பேரைத் தாண்டிப் பிரியும் புதிய அணிக்கு உச்சவரம்பு தானாக உயருமா, இல்லை அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டுமா? மூன்றாவது வரி இல்லாமல் கையெழுத்திட்டால் முதல் பிரிவிலேயே ஆறு பேர் சம்பளத்துக்கு வருமானம் இராது.